வெஸ்லியின் வலது கை

மே 11, ஞாயிறு

என் பெயர் வைரவன். இதை நானே எழுதினேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

மே 14, புதன்

வாசுகி ரீச்சர் இந்தக் கொப்பியைத் தந்து, தினமும் ஒரு வரியாவது எழுதச் சொன்னார். பேசுவது போல எழுதக் கூடாதாம். பத்திரிகையில் இருப்பது போல எழுத வேண்டுமாம். எனக்கு அது கடினமில்லை. வாழ்நாள் முழுவதும் வானொலிச் செய்தி கேட்டவன் நான். செய்தி வாசிப்பவர் என் தலைக்குள் இருந்து சொல்கிறார், நான் எழுதுகிறேன். அவர்தான் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. இன்னும் படிக்காத எழுத்துக்கு இடம் விட்டு, படித்த பிறகு நிரப்புகிறேன்.

வகுப்பு கோயிலின் கீழ்த்தள மண்டபத்தில் நடக்கிறது. ஊரில் எனக்குக் கோயில் கதவும் திறக்கவில்லை, பள்ளிக்கூடக் கதவும் திறக்கவில்லை. கனடாவில் இரண்டுக்கும் ஒரே கதவு. தள்ளினால் திறக்கிறது.

மே 18, ஞாயிறு

மெய்யெழுத்துகள் படித்தோம். தலையில் ஒரு புள்ளி வைத்தால் எழுத்து வாயை மூடிக்கொள்கிறது. இப்படி ஒரு விளையாட்டு உலகத்தில் இருப்பது இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து குசினியில் இருந்த பொதிகளையெல்லாம் வாசித்தேன். ஒடியல் மா. மிளகாய்த்தூள். என் மகள் நாகேஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழவேண்டிய நேரத்திலை ஒரு சொட்டும் அழேல்லை. இப்ப மிளகாய்த்தூளைப் பாத்துச் சிரிக்கிறியள்" என்றாள்.

மிளகாய்த்தூள் நல்ல சொல். அதில் மூன்று புள்ளிகள் உண்டு.

மே 21, புதன்

மனைவி என்ற சொல்லை எழுதிப் பழகினேன். என் மனைவி கனகம் மாசி மாதம் இறந்தாள். இந்த வசனத்தில் கடினமான எழுத்து எதுவும் இல்லை.

மே 25, ஞாயிறு

எங்கள் நகரத்தில் பேஸ்போல் அணி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஹெரன்ஸ். கொக்குகள் என்று பொருளாம். பெரிய அணி இல்லை. பெரிய அணிகளில் இருந்து இறங்கி வந்தவர்களும், அங்கே ஏறிப்போகப் பார்க்கிறவர்களும் கோடையில் விளையாடும் அணி. வெளியூர் வீரர்களை நகரத்துக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறை கொடுத்துச் சாப்பாடும் போட்டு வைத்திருப்பது இங்கே வழக்கம். நாகேஸ் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறாள். அங்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். அவள் சரி என்றுவிட்டாள். மருமகன் லொறியோடு அமெரிக்காவில் நிற்கிறார். தொலைபேசியில் அவரும் சரி என்றுவிட்டார்.

"அந்த அறை சும்மா கிடக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாதப்பா" என்றாள் நாகேஸ்.

அது கனகமும் நானும் இருந்த அறை. நான் மாசி மாதமே வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறைக்கு வந்துவிட்டேன். பின் அறையில் குளிர் அதிகம் என்று சொன்னேன்.

நாகேஸ் சேலைகளைப் பெட்டியில் அடுக்கினாள். நான் பக்கத்தில் இருந்து உயிர்மெய் எழுதினேன். கனகம் காய்ச்சி வைத்த எண்ணெய்ப் போத்திலை மட்டும் என் அறைக்குக் கொண்டு வந்தேன்.

மே 27, செவ்வாய்

வந்துவிட்டான். பெயர் வெஸ்லி. எங்கள் ஊர் மிஷன் பாதிரியாரின் பெயரும் அதுதான். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். மீசை செம்பட்டை. முப்பத்திரண்டு வயதாம். விளையாட்டுக்காரருக்கு அது கிழவனான என் வயது போல என்று நாகேஸ் சொன்னாள்.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவளிடம் கேட்டான். கிழவரை மரியாதையாகக் கூப்பிடும் "அப்பு" என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்தாள். அவன் சொன்னபோது நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போல இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

நீல மறுசுழற்சிப் பெட்டி வைக்கும் நாளை மறந்துவிட்டேன். தக்காளிக் கன்றுகளுக்குத் தடி நட்டேன். 'ணகரம்' வருகிறது, அதன் சுழிகளை எத்தனை முறை சுற்றுவது என்பதில்தான் நிற்கத் தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

வகுப்பில் திருச்செல்வம் என்றொருவர் எனக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஊரில் எங்கள் அயல். தபாலதிபராக இருந்தவர். எழுத வாசிக்கத் தெரிந்தவர் எதற்கு வகுப்புக்கு வருகிறார் என்று ரீச்சரே கேட்டார். வீட்டில் பொழுது போகவில்லையாம்.

"என்ன வைரவன், வெள்ளைக்காரனை வச்சுச் சோறு போடுறியாம்?" என்று கேட்டார்.

"சோறு மட்டுமில்லை. புட்டும் போடுறம்" என்றேன்.

"மைதானத்திலை வலப்பக்க வெளியிலை நிக்கிறவன் எல்லே? நான் தொலைக்காட்சியிலை இந்த விளையாட்டைக் கரைச்சுக் குடிச்சனான். வெளியிலை மூண்டு பேர் நிப்பினம். பந்து வந்தால்தான் வேலை. வராட்டி நிக்கிறதுதான். உன்னைப் போலை."

சிரித்தேன். வகுப்பு முடிந்து எங்கள் வீட்டு வாசல் வரை நடந்து வந்தார். உள்ளே வந்து தண்ணீர் குடிக்கச் சொன்னேன். தாகம் இல்லை என்றார். ஊரிலும் அவருக்கு எங்கள் வீட்டு வாசலில் தாகம் எடுத்ததில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று வெஸ்லிக்கு விளையாட்டு இல்லை. இடியப்பத்தைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே தன் கதையைச் சொன்னான். நாகேஸ் எனக்குத் தமிழில் சொன்னாள். நீளமாக எழுதப் போகிறேன். பென்சிலைத் தீட்டிக்கொண்டேன்.

வெஸ்லியின் ஊர் சஸ்காச்சுவானில், கோதுமை வயல்களுக்கு நடுவில். அங்கே ஒரு தானியக் கொட்டில் சுவரில் பந்தை எறிந்து பழகினான். பதினெட்டு வயதில் ஓர் அமெரிக்க அணி அவனைத் தெரிந்து எடுத்தது. அவனிடம் அவர்கள் கண்டது வலது கையை. வெளியின் கடைசி மூலையில் இருந்து எறிந்தாலும் பந்து நிலத்தில் படாமல் வந்து சேருமாம்.

எடுத்தவுடன் பெரிய மைதானம் கிடையாது. படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஊர். முதலில் புளோரிடாவில் வெயில். பிறகு மொன்டானாவில் மலை. பிறகு அலபாமாவில் நுளம்புக் கடி. எல்லா இடத்துக்கும் பஸ். பஸ்ஸில் நித்திரை, பஸ்ஸில் சாப்பாடு. ஏழு வருடத்தில் உச்சிக்கு ஒரு படி கீழே வந்துவிட்டான்.

ஒரு நாள் மேலே இருந்த பெரிய அணி கூப்பிட்டது. விமானத்தில் போனான். அவன் பெயர் தைத்த சட்டை கொழுவியில் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு இருந்தான். மழை பெய்தது. விளையாட்டு நிறுத்தப்பட்டது. அடுத்த நாள், காயப்பட்ட ஒருவர் சுகமாகி வந்துவிட்டார். இவனைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு கூப்பிடவில்லை.

"சட்டையைத் தந்தவையோ?" என்று கேட்கச் சொன்னேன்.

நாகேஸ் கேட்டாள். தந்தார்களாம். அவனுடைய தாய் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறாவாம். அவ்வளவு நேரமும் வேறு யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னவன், அதைச் சொல்லும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவினான்.

அதன் பிறகு ஒவ்வொரு அணியாக விடுவித்தது. விடுவித்தோம் என்பதுதான் அவர்களுடைய சொல்லாம். பறவையைச் சொல்வது போல இருக்கிறது. இப்போது எங்கள் கொக்குகளிடம் வந்து நிற்கிறான்.

நான் பனை ஏறிக் கள்ளுச் சீவியவன். எனக்கு விளங்கியது. மரத்தின் தலையான வட்டுக்கு ஒரு முழம் கீழே வரை ஏறியிருக்கிறான். கள்ளு வடியும் பாளை கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

ஜூன் 9, திங்கள்

நேற்று எழுதியதில் கை சோர்ந்துவிட்டது. இன்று ஓய்வு.

ஜூன் 15, ஞாயிறு

முதன்முறை மைதானத்துக்குப் போனேன். வீரனை வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கதிரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். திருச்செல்வமும் எங்களோடு வந்தார்.

வெஸ்லி தூரத்தில் தனியாக நின்றான். உண்மையிலேயே கொக்குதான். மைதானத்தின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று இருக்கிறது. அவன் ஒவ்வொரு முறையும் அதை மிதிக்காமல் தாண்டிப் போனான்.

"பைத்தியக்காரத்தனம். கோட்டை மிதிச்சால் தரித்திரமாம்" என்றார் திருச்செல்வம்.

நானும் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் ஏறியதில்லை.

ஒரு பந்து உயர எழும்பி வெஸ்லியிடம் போனது. அழகாகப் பிடித்தான். பிடித்த பந்தைத் தூரத்துக்கு எறியவில்லை. பக்கத்தில் ஓடி வந்த ஒருவனிடம் மெல்லத் தட்டிவிட்டான்.

"உன்ரை கொக்குக்குக் கை பெரிசெண்டாய். இது பால் போத்தில் குடுக்கிற மாதிரிக் குடுக்குது" என்றார் திருச்செல்வம்.

ஜூன் 20, வெள்ளி

இன்று நடந்ததை எழுதுவதா என்று யோசித்தேன். இந்த வீட்டில் என் கொப்பியை வாசிக்கக்கூடியவள் நாகேஸ் மட்டும்தான். அவளுக்கு என் எழுத்து இன்னும் விளங்காது. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எவர்சில்வர் தம்ளரில் தேநீர் குடிப்போம். வெள்ளைக்காரர் அந்தத் தம்ளரைப் பிடிப்பது ஒரு வேடிக்கை. விளிம்பில் இரண்டு விரல் வைப்பார்கள், கை மாற்றுவார்கள், ஊதுவார்கள், கடைசியில் மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். வெஸ்லியும் முதல் வாரம் அப்படித்தான், இடது கையால்.

இன்று இடது கையில் தொலைபேசி. வலது கையால் தம்ளரை எடுத்தான். கொதித்த தேநீர். முழுக் கையாலும் பிடித்துக்கொண்டு பேசினான். பேசினான், பேசினான். ஒரு சுளிப்பும் இல்லை. மரக்கட்டை பிடித்தது போல இருந்தது அந்தக் கை.

பேசி முடித்துவிட்டுக் கையைப் பார்த்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் சிவந்து பொங்கியிருந்தன. பிறகு என்னைப் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டான். இடது கை விரலைத் தன் உதட்டில் வைத்தான்.

நான் தலையாட்டினேன். ஆங்கிலம் தெரியாத கிழவன் இரகசியம் வைத்திருப்பதில் கெட்டிக்காரன்.

ஜூன் 22, ஞாயிறு

விரல் விறைத்தவன் மரம் ஏறக் கூடாது. அது எங்கள் தொழிலில் முதல் சட்டம். மரத்தை அணைத்து அணைத்து எனக்கு விறைத்த வருடம் கனகம் தளநாரை ஒளித்துவைத்தாள். கால்களைப் பிணைக்கும் அந்த நார் வளையம் இல்லாமல் ஏற முடியாது. ஒரு கிழமை அவளோடு சண்டை பிடித்தேன். பிறகு பின்னேரங்களில் எண்ணெய் காய்ச்சி என் கையில் தேய்க்கத் தொடங்கினாள். நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெய், உள்ளிப்பூண்டு, கற்பூரம். கனடாவிலும் எங்கோ தேடி வாங்கிக் காய்ச்சினாள். வீடு முழுக்க மணக்கிறது என்று நாகேஸ் சண்டை.

விறைப்புப் போனதா என்று கேட்டால், இல்லை. இப்போதும் எனக்குப் பென்சில் விரலில் தெரிவதில்லை. கண்ணால் பார்த்துத்தான் பிடித்திருக்கிறேன் என்று அறிகிறேன். ஆனால் அவள் தேய்த்தாள்.

போத்திலில் காற்பங்கு இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

வெஸ்லிக்கு எண்ணெய் தேய்க்கிறேன். நாகேஸ் வேலையால் வருவதற்கு முன். பின்வளவில் கிடக்கும் மர வாங்கில் இருத்தி, தோளில் இருந்து விரல் நுனி வரை உருவி விடுகிறேன். முதல் நாள் மூக்கைச் சுருக்கினான். இரண்டாம் நாள் கண்ணை மூடினான். அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. விறைத்த கையை விறைத்த கை தேய்க்கிறது.

பாடம்: ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால். ரீச்சர் எனக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டினார். நாகேஸிடம் காட்டினேன். "இதைக் கண்டிருந்தால் அம்மா…" என்று தொடங்கினாள். நான் நட்சத்திரம் என்ற சொல்லை எழுதிக் காட்டினேன்.

ஜூலை 2, புதன்

புல் வெட்டினேன். மருமகன் வந்து, இரண்டு நாள் நித்திரை கொண்டு, போய்விட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

நாகேஸ் ஓடி வந்து சொன்னாள். எல்லைக்கு அப்பால் ஓர் அமெரிக்க அணியில் வலப்பக்க வெளிக்காரனுக்குக் கால் முறிந்துவிட்டதாம். அந்த இடத்துக்கு வெஸ்லியைப் பார்க்க ஒருவர் சனிக்கிழமை வருகிறாராம். எடுத்தால் அவன் மறுபடியும் ஏணியில். எடுக்காவிட்டால் இந்த வயதில் இனி யாரும் வரமாட்டார்கள்.

"அவன்ரை அடியைப் பாத்திட்டினமாம். எறியிறதை மட்டும் பாக்கவேணுமாம். அதுதானே அவனுக்குப் பயமில்லை" என்றாள்.

வெஸ்லி குசினி வாசலில் நின்றான். நாகேஸ் அவன் தோளில் தட்டினாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் மிளகாய்த்தூள் பொதியைப் பார்த்தேன்.

ஜூலை 10, வியாழன்

இன்று அவனே வந்து வாங்கில் இருந்து கையை நீட்டினான்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைச் சேர்த்து, "சனி. பந்து. சொல்லு. கை நோ" என்றேன். விளையாட வேண்டாம், சொல்லிவிடு என்ற அர்த்தத்தில். அவன் என்ன விளங்கிக்கொண்டானோ தெரியாது. தலையை ஆட்டினான். மழை பெய்த அன்று கொழுவியில் தொங்கிய சட்டையை நினைத்தேன். மேற்கொண்டு சொல்ல எனக்கு மொழி இல்லை.

எண்ணெய் தேய்த்தேன்.

ஜூலை 12, சனி

காலையில் வெஸ்லி போவதற்கு முன் கையைப் பிடித்து இருத்தினேன். மற்ற நாட்களில் விளையாட்டு முடிந்த பிறகுதான் தேய்ப்பேன். இன்று முக்கியமான நாள் என்பதால் முன்னதாகத் தேய்த்தேன். தாராளமாகத் தேய்த்தேன். அவன் துவாயால் துடைத்துக்கொண்டு போனான்.

நல்ல வெயில். நாகேஸ் தொப்பி போட்டு என்னைக் கூட்டிப் போனாள். திருச்செல்வம் தன் போத்தில் தண்ணீரோடு வந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் நடுவில் இருந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். அவர்தான் என்று நாகேஸ் காட்டினாள்.

நெடுநேரம் வலப்பக்கம் பந்து போகவில்லை. வெஸ்லி நின்றான். நான் போகாதே என்று பந்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு போனது. உயரமாக, வெகு தூரம். அவன் ஓடிப் போய் வேலியோடு முதுகு உரசப் பிடித்தான். எல்லோரும் எழும்பினார்கள். மூன்றாவது தளத்தில் நின்ற எதிரணிக்காரன் ஓட்டம் எடுக்க, அடிப்பவர் நிற்கும் வீட்டுத் தளத்துக்கு ஓடத் தொடங்கினான்.

"இப்ப எறியவேணும். நேரை எறிஞ்சால் அவன் அவுட்" என்றார் திருச்செல்வம். அவரும் எழும்பிவிட்டார்.

வெஸ்லி எறிந்தான். கை சுழன்ற விதத்தைப் பார்த்தபோது பதினெட்டு வயதில் ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்று எனக்கே விளங்கியது. ஆனால் பந்து அந்தக் கையோடு ஒத்துப்போகவில்லை. நழுவியது. பிடிக்க நின்றவனின் தலைக்கு மேலாலும் போகவில்லை. பக்கவாட்டில் சனங்களுக்கு முன்னால் கட்டியிருந்த வலையில் வந்து மோதி, எங்களுக்கு நேரே விழுந்தது.

நடுவர் வந்து பந்தை எடுத்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். மூக்கில் வைத்தார். பிடிகாரனிடம் கொடுத்தார். அவனும் மூக்கில் வைத்தான். பக்கத்தில் நின்றவனும் மணந்து பார்த்துச் சிரித்தான். வலைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே மணத்தது. கற்பூரம், உள்ளி.

நாகேஸ் மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா. அம்மான்ரை எண்ணெய்" என்றாள்.

நான் மைதானத்தைப் பார்த்தேன்.

நடுவரும் அணியின் பயிற்சியாளரும் வலப்பக்க வெளிக்கு நடந்து போனார்கள். அது நீண்ட நடை. பயிற்சியாளர் வெஸ்லியின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்போது அவர் எண்ணெயை மட்டும் பார்க்கவில்லை. சுட்ட தழும்பைப் பார்த்திருக்க வேண்டும். ஏதோ சொன்னார். வெஸ்லி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். பயிற்சியாளர் அவன் விரல்களை ஒவ்வொன்றாக நசித்தார். ஒவ்வொன்றுக்கும் ஏதோ கேட்டார். வெஸ்லி வானத்தைப் பார்த்துப் பதில் சொன்னான். கடைசி இரண்டு விரல்களுக்கும் பதில் வரவில்லை. அவர் மறுபடி நசித்தார். பிறகு அவன் கையை விடாமல், கூட்டிக்கொண்டே வந்தார், தெருவைக் கடக்க வைப்பது போல.

சுண்ணாம்புக் கோடு வந்தது. வெஸ்லி அதை மிதித்துக்கொண்டு வந்தான்.

வெள்ளைச் சேட்டுக்காரர் எழும்பிப் போய்விட்டார்.

"என்ன மணம் அது? கோயில் மணம் மாதிரி" என்றார் திருச்செல்வம்.

அவர் தண்ணீர் குடித்தார்.

ஜூலை 13, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. எழுத்துகளும் வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

வெஸ்லியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விடுவித்துவிட்டார்கள். கழுத்தில் இருந்து வரும் நரம்பு ஒன்று நசிந்திருக்கிறதாம். சத்திரசிகிச்சை செய்தால் கரண்டி பிடிக்கலாம், வாகனம் ஓட்டலாம், பந்து எறிய முடியாது.

பின்னேரம் மூன்று பேரும் குசினி மேசையில் இருந்தோம். நாகேஸிடம் சொல்லி அவனைக் கேட்கச் சொன்னேன்.

"என்னெண்டு கேக்கிறது?"

"எண்ணெய் பூசாமல் விட்டிருந்தால் எறிஞ்சிருப்பியோ எண்டு கேள்."

அவள் கேட்டாள். வெஸ்லி நெடுநேரம் பதில் சொன்னான். இடையில் ஒருமுறை தன் கையை மேசையில் வைத்துப் பார்த்தான். நாகேஸும் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"இல்லையாம். சித்திரை மாசமே கை முடிஞ்சுதாம். எண்ணெயிலை ஒண்டும் இல்லையாம்."

அவன் சொன்னது நீளம். அவள் சொன்னது சுருக்கம். எனக்கு ஆங்கிலம் தெரியாது. "சரி" என்றேன்.

திருச்செல்வம் செய்தி கேட்க வந்தார். வாசலில் நின்றே கேட்டார். நல்ல வெக்கை. தாகம் இல்லையாம்.

ஜூலை 16, புதன்

வெஸ்லி நாளை போகிறான். அண்ணனுடைய பண்ணையில் வேலையாம். சாமான்களை வாகனத்தில் ஏற்றினான். மட்டைகளை எங்கள் வாகனக் கொட்டிலில் விட்டுப் போகவா என்று கேட்டான். நாகேஸ் சரி என்றாள். கனகத்தின் ஊன்றுகோலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தான்.

நாகேஸ் வழிக்கு ரொட்டியோடு கொடுக்கக் கட்டாச் சம்பல் இடித்தாள். உறைப்பைக் குறைக்கச் சொன்னேன். "இனி அவனுக்கு என்ன உறைச்சால் என்ன" என்றாள். பிறகு குறைத்தாள்.

ஜூலை 17, வியாழன்

காலையில் வெஸ்லி பின்வளவுக்கு வந்தான். தன் தோல் கையுறையை என் மடியில் போட்டு, எழும்பச் சொன்னான். எனக்குப் பந்து எறியப் போகிறானாம். அவன் இந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் நான் மைதானத்தில் பார்த்ததே தவிரப் பந்தைத் தொட்டதில்லை.

கையுறையை இடது கையில் மாட்டினேன். அது பலாப்பழத்தின் பாதி போல இருந்தது. உள்ளே அவன் விரல்கள் இருந்த பள்ளங்கள் இருந்தன. அவன் தக்காளிக் கன்றுகளுக்கு அப்பால் போய் நின்றான். வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் எறிந்தான். குழந்தைப் பிள்ளை எறிவது போல வந்தது. முதல் பந்து புல்லில் விழுந்தது. இரண்டாவது தக்காளியில். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். எடுத்துத் திருப்பி எறிந்தேன். என் எறியும் அவன் எறியும் ஒரே தரம்.

அடுத்த பந்தைக் கொஞ்சம் வேகமாக எறிந்தான். நேரே என் நெஞ்சுக்கு வந்தது. கையுறையால் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு நினைவு வரவில்லை. வாழ்நாள் முழுவதும் வலது கையால் பிடித்தவன். வெறுங்கையை நீட்டிவிட்டேன்.

பந்து உள்ளங்கையில் பட்டது. அந்தக் கையில் சுடுதண்ணீர் தெரியாது, பென்சில் தெரியாது. மாசி மாதம் கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, சூடு எப்போது போனது என்பதும் தெரியவில்லை. வைத்தியர் வந்து சொன்ன பிறகுதான் விட்டேன். இது தெரிந்தது. தோள் வரை போனது.

புல்லில் இருந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சத்தமும் வந்தது. நாகேஸ் ரொட்டிக்கு மாக் குழைத்த கையோடு ஓடி வந்தாள்.

"எங்கை நோகுதப்பா?" என்று கேட்டாள்.

கையைக் காட்டினேன். அவள் அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தாள். ஐஸ் எடுக்கப் போகவில்லை. அழாதேங்கோ என்று சொல்லவும் இல்லை. அவளும் அழுதாள். அவளுக்கு ஏன் என்று நான் கேட்கவில்லை.

பேஸ்போல் பந்து கல்லைப் போன்றது. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. வெறுங்கையில் பிடித்தவர் எவரும் அவ்வளவு நேரம் அழுவார்.

வெஸ்லி கிட்ட வரவில்லை. வேலி ஓரத்துக்குத் தள்ளிப் போய், எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றான். தன் இடத்தில் நிற்பது போல நின்றான். பந்து வரும் வரைக்கும் நிற்கத் தெரிந்தவன்.

பிறகு நாகேஸ் என் அறைக்குப் போய்ப் போத்திலை எடுத்து வந்தாள். கவிழ்த்து, அடியில் தட்டினாள். வந்ததை என் உள்ளங்கையில் தேய்த்தாள். மிச்சத்தை வெஸ்லியைக் கூப்பிட்டு அவன் இரண்டு விரல்களிலும் தேய்த்தாள். அவன் கையை மணந்து பார்த்தான். துடைக்கவில்லை.

பத்து மணிக்குப் போனான். ரொட்டிப் பொதியை முன் இருக்கையில் வைத்தான். வாகனக் கண்ணாடியை இறக்கி "அப்பு" என்றான். இப்போது சரியாகச் சொல்கிறான்.

நாகேஸ் பின் அறையின் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். எங்கே படுக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். அங்கே இப்போது குளிர் இல்லை என்றேன்.

இன்று எழுத்துகள் எல்லாம் கோணல். பென்சில் தொடும் இடமெல்லாம் நோகிறது.